நடு அறையில் நக்கோ சார்

ஒரே ஒரு சொல்லை மூலதனமாக வைத்து விஞ்ஞானியாகி, அதே சொல்லோடு ஓய்வும் பெற்றவர் இந்த ஹைதராபாத்தில், ஏன், இந்தியாவிலேயே நக்கோ சார் ஒருவர்தான். இந்த ஊர் உருதுவில் 'நக்கோ' என்றால் 'வேண்டாம்'. அதை மற்றவர்கள் காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் செலவழிப்பார்கள். இவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கென்று சேமித்து வைத்திருந்தார். மேஜையைத் தொட்டால் நக்கோ. உற்றுப் பார்த்தால் நக்கோ. தும்மல் வருகிற மாதிரி மூக்கைச் சுருக்கினால், தும்மல் வருவதற்கு முன்பே நக்கோ.

இவரைப் பற்றி எழுதுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைசி வரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அவருடைய கருவியைக் கெடுத்தவன் நான். பழியை அவர் தன் தலையிலேயே போட்டுக்கொண்டபோது வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றவனும் நான். இனி கதையைக் கேளுங்கள்.

நான் தொலைபேசி இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு தார்நாகாவில். இந்த நகரத்துக்கு அடியில் எந்தக் கண்ணாடி இழை எந்தச் சாக்கடைக்குப் பக்கத்தில் போகிறது என்பது எனக்கு மனப்பாடம். அந்தத் தகுதிக்காக ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் என்னை ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். எழுபதை நெருங்கும் வயதில் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் வரவேற்பு கிடைத்தது.

"நக்கோ! ஷூ!"

ஷூவைக் கழற்றினேன்.

"நடை நக்கோ! அடி வைக்கிற சத்தம் மேஜைக்குப் போகுது. மெதுவா, மாவு கோலம் மேல நடக்கிற மாதிரி வாங்க."

அப்படித்தான் அறிமுகமானோம். ஒல்லியான உருவம். மாரெட்பள்ளியில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் திரும்பி உருதுவில் போய் நிற்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டெலிபோன்' என்பார். மரியாதை தேவைப்படும்போது 'டெலிபோன் சார்'.

அவர் செய்துகொண்டிருந்த வேலையை எனக்கு அவர் விளக்கிய முறையிலேயே சொல்கிறேன்.

"ரெண்டு ஒளித்துகள் ஜோடியா பிறக்குது டெலிபோன். ஒண்ணை இங்கே வெச்சுக்கிட்டு இன்னொண்ணை எவ்வளவு தூரம் அனுப்பினாலும் பிணைப்பு விடாது. இங்கே அளந்தா, அங்கே அளக்கிறதோட பொருந்தும். திருட முடியாத ரகசியக் குறியீடு எல்லாம் இதை வெச்சுப் பண்ணலாம். ஆனா அனுப்பறதுதான் கஷ்டம். கண்ணாடி இழையில போகப் போக வழியிலேயே காணாமப் போயிடும்."

நான் நாற்பது வருஷ அனுபவத்தோடு சொன்னேன். "இவ்வளவுதானா? நடுவுல ஒரு ஆம்ப்ளிஃபையர் போட்டுட்டா ஆச்சு."

கோயில் பிராகாரத்துக்குள் ஸ்கூட்டர் ஓட்டி வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நக்கோ! ஒரே ஒரு துகள் வருது. அதைப் பெருக்கணும்னா காப்பி எடுக்கணும். இதைக் காப்பி எடுக்க முடியாது. இயற்கை இதுக்கு மட்டும் ஜெராக்ஸ் கடை வெக்கலை. எட்டிப் பார்த்தாலும் போச்சு. அதனாலதான் தொடாதே, பாக்காதே, காப்பி எடுக்காதேன்னு கத்தறேன். நான் முசுடு இல்ல சார். சட்டமே அப்படி."

"அப்போ என்னதான் பண்றது?"

"நடுவுல ஒரு ரூம். ரெண்டு முனையிலும் ஆளுக்கு ஒரு ஜோடி. பாதியை வீட்டுல வெச்சுக்கிட்டு, மீதிப் பாதியை நடு ரூமுக்கு அனுப்பணும். ரெண்டும் ஒரே நேரத்துல வந்து விழணும். விழுந்துட்டா, வீட்டுல இருக்கிற ரெண்டும் பிணைஞ்சுடும். ஒண்ணையொண்ணு முகம் பாத்திராததுங்க! நடு ரூம் உடனே 'ஆச்சு'ன்னு ரெண்டு வீட்டுக்கும் சொல்லணும். சொல்லலைன்னா ஆனதும் ஆகாததும் ஒண்ணுதான்."

"நடு ரூமுக்கு என்ன கிடைக்கும்?"

"ஹவ், ஆமா, நல்ல கேள்வி. ஒண்ணும் கிடைக்காது. சேர்த்து வெச்சிட்டு வெறுங்கையோட உக்கார வேண்டியதுதான். இப்படி ஒவ்வொரு நடு ரூமா கோத்துட்டே போனா சென்னை வரைக்கும் போகலாம். அதுக்குப் பேர்தான் ரிப்பீட்டர்."

எங்கள் ஒரு முனை தார்நாகாவில். இன்னொரு முனை நகரத்தின் மேற்குக் கோடியில், ராமச்சந்திராபுரத்தில். அங்கே பத்மஜா என்ற தெலுங்குப் பெண்மணி பொறுப்பு. கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகன் என்று எல்லோரையும் சமாளித்துவிட்டு, ஒளித்துகளையும் சமாளிப்பவர். நடு அறை பேகம்பேட்டில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. இழைகள் அங்கேதான் சந்தித்தன, வேறு வழியில்லை. அந்தக் கட்டடத்தை ஒட்டி ஒரு ஃபங்ஷன் ஹால். ஹைதராபாத்தில் ஃபங்ஷன் ஹால் என்றால் கல்யாணம், கல்யாணம் என்றால் மேளம்.

ஒரு பல்லி அந்த நடு அறையில் குடியிருந்தது. கருவிக்கு நேர் மேலே உட்கார்ந்து உச்சுக் கொட்டும். நல்ல சகுனம் என்று நான் சொன்னேன். நக்கோ சார் ஸ்டூல் மேல் ஏறி நின்று அதனிடம் தாழ்ந்த குரலில், "நீ நல்லவதான். ஆனா இங்கே நக்கோ. டிடெக்டர் மேல விழுந்தா நீயும் போயிடுவே, நானும் போயிடுவேன்" என்று பேசினார். பல்லி போய்விட்டது. அவருடைய நக்கோவுக்குக் கட்டுப்பட்ட ஒரே ஜீவன் அதுதான். அவர் மனைவி காமாட்சி அம்மா அந்த நக்கோவைச் சட்டை செய்ததே இல்லை. "காபி நக்கோன்னு சொன்னார்னா ரெண்டு டம்ளரா கொண்டு வான்னு அர்த்தம்" என்பார்.

வருஷக்கணக்காக முயன்றும் இரண்டு முனைகளும் ஒருமுறைகூடப் பிணையவில்லை. தார்நாகா பக்கம் சரியாக இருந்தால் ராமச்சந்திராபுரத்தில் மின்சாரம் போகும். இரண்டும் சரியாக இருந்தால் பேகம்பேட்டில் பாராத், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம், கிளம்பும். கடைசியில் எல்லாம் ஒரு மாதத்தில் வந்து நின்றது. நக்கோ சாருக்குப் பணி நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் இரவல் கொடுத்த இழையையும் திருப்பிக் கேட்கிறார்கள். போதாததற்கு டில்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் பார்வையிட வருகிறார்.

"ஒரு தடவை டெலிபோன்" என்றார் நக்கோ சார். "ஒரே ஒரு தடவை ரெண்டும் பிணைஞ்சதைப் பாத்துட்டேன்னா, நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வித்யா கல்யாண வேலையைப் பாப்பேன்." வித்யா அவருடைய ஒரே மகள்.

அந்த மாதம் முழுக்க, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்திலேயே இரண்டும் ஏறின.

அந்த நாள் வந்தது. முகூர்த்த நாளும் அதுவே. டில்லிக்காரர் நடு அறைக்குள் கால் வைத்த அதே நிமிஷம், கீழே மர்ஃபா மேளக்காரர்கள் கச்சேரியைத் தொடங்கினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கருவியின் திரையில் இருந்த கோடு பேய் பிடித்தது போல ஆடியது.

நக்கோ சாரின் முகம் வெளுத்தது. "டெலிபோன், இங்கேயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஷூ இல்லாமல் படியிறங்கி ஓடினார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். முதலில் மேளக்காரர்களிடம் கைகூப்பினார். "ஆஹிஸ்தா பாய், மெதுவா! மேலே மிஷின் இருக்கு!" அவர்கள் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தார்கள். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, வாழ்நாளில் தரையைக்கூட அழுத்தி மிதிக்காத அந்த மனிதர், மாப்பிள்ளையின் குதிரைக்கு முன்னால் போய் நின்று ஆட ஆரம்பித்தார்! இரண்டு கையையும் தூக்கி, இடுப்பை ஒடித்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து ஆடினார். ஆடுகிறவர் எங்கே போகிறாரோ அங்கேதான் மேளம் போகும். குதிரை, குடை, மாமன் மச்சான் எல்லாமாகச் சேர்ந்து அவர் பின்னால் அடுத்த தெருவுக்குத் திரும்பின. யாரோ அவர் கழுத்தில் ரோஜா மாலைகூடப் போட்டார்கள்.

திரையில் கோடு அமைதியானது. ஒழுங்காக நான் அப்படியே நின்றிருக்க வேண்டும்.

"எதாவது நடக்கிறதா?" என்று டில்லிக்காரர் இந்தியில் கேட்டார்.

"நடந்துகொண்டே இருக்கிறது சார்."

"எங்கே? காட்டுங்கள்."

காட்ட என்ன இருக்கிறது? பார்த்தால் போய்விடும் பொருளை எப்படிக் காட்டுவது? அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளர் போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் சுவரை எடுத்தார். திரையில் ஒன்றும் அசையவில்லை. இழை உயிரோடு இருக்கிறதா, இல்லையா?

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் இலாகாவில் எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வார்: இழை மேல் சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்குப் பேனாவைச் சொருகிப் பார். வெளிச்சம் ஓடினால் இழை பிழைத்திருக்கிறது. அந்தப் பேனா ஓய்வுக்குப் பிறகும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மற்றவர்கள் மூக்குக் கண்ணாடி வைத்திருப்பதுபோல. மேஜையோரம் தொங்கிய மஞ்சள் இழையை உபரி என்று நினைத்து, கை தானாகவே பேனாவைச் சொருகிவிட்டது.

இழை முழுக்கச் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

"ஆஹா!" என்றார் டில்லிக்காரர். "இதுதான் அந்தப் பிணைப்பா?"

நான் படித்தவன். எஞ்சினியரிங்கில் முதல் வகுப்பு. "ஆமாம் சார்" என்றேன்.

அவர் அந்தச் சிவப்பு ஒளிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டு, திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

அது உபரி இழை இல்லை. நேரே டிடெக்டருக்குள் போகிற இழை. ஒற்றை ஒளித்துகளைக் கேட்பதற்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்த கருவி அது. அதன் காதருகே போய் நான் வெடி வைத்திருக்கிறேன். பேனாவை உருவிய பிறகும் அது விழிக்கவில்லை.

நக்கோ சார் வியர்வையில் நனைந்து, ரோஜா மாலையோடு மூச்சிரைக்க மேலே வந்தார். "எத்தனை வந்தது டெலிபோன்? விழுந்துதா?"

செத்துக் கிடந்த கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பேனா என் பைக்குள் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. என் வாயிலிருந்து இந்த வார்த்தைகள் வந்தன: "மேளம் ரொம்ப அதிர்ந்துது சார். அப்போதான் போச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் இன்னும் ஒரு தெரு தள்ளிக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார்.

வேறு டிடெக்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் மாதம் முடிந்தது. அவருடைய பணியும் முடிந்தது. ஆனால் டில்லிக்காரர் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மயங்கிப்போய்த் திட்டத்தை நீட்டித்துவிட்டார்! இழையும் கூடுதல் காலத்துக்குக் கிடைத்தது. நீட்டிக்கப்படாதவர் நக்கோ சார் மட்டும்தான். பிரிவுபசாரத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று சமோசா சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

அதோடு போயிருந்தால் நான் கோழையாகவே காலத்தை ஓட்டியிருப்பேன். வித்யாவின் கல்யாணம் வந்தது.

கல்யாணம் மாரெட்பள்ளியில். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். மண்டபத்துக்குள் நுழையும்போதே ஏதோ குறைகிறது என்று பட்டது. நாதஸ்வரம் கேட்கிறது, தவில் கேட்கவில்லை. மேடையில் பார்த்தால் தவில்காரர் வாத்தியத்தைத் துணி போட்டு மூடிவிட்டு, உண்ணாவிரதம் இருப்பவர் போலக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

காமாட்சி அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது சொல்லுங்க சார். இவர் தவில் கூடாதுங்கறார். 'அந்தச் சத்தத்துலதான் என் வேலையே போச்சு. அதுக்கு நானே முன்னாடி நின்னு ஆடியும் இருக்கேன். இனிமே என் காது கேக்க மேளம் நக்கோ'ன்னு ஒரே பிடிவாதம். பொண்ணு கல்யாணம் சார்! தினம் தினம் அழுதுட்டு இருக்கேன்."

நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மனைவி, "ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஃபேனுக்குக் கீழதானே இருக்கோம்" என்றாள்.

முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளை கையில் தாலி. சாஸ்திரிகள் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

தவில்காரர் துணியை விலக்கினார். நக்கோ சார் உள்ளங்கையைக் காட்டினார். "நக்கோ."

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார். "ஏனுங்க, மேளம் கொட்டாம தாலி கட்டுறதா? எங்க வம்சத்துலயே அப்படிக் கிடையாதுங்க!"

"நாதஸ்வரம் இருக்கே. போதும்."

"அது போதாதுங்க!"

மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. வித்யா தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வேட்டியை ஒரு கையால் காப்பாற்றிக்கொண்டு கத்தினேன்.

"சார்! மேளத்தால போகலை! நான்தான் கெடுத்தேன்! ரெட் லைட் பேனாவைச் சொருகிட்டேன்!"

நாதஸ்வரமும் நின்றுவிட்டது.

"யாருங்க இந்தப் பெரியவர்?" என்றார் தாய்மாமன். "எங்க எதைச் சொருகினாராம்?"

நக்கோ சார் மட்டும் மேடையை விட்டு இறங்கி என் எதிரில் வந்து நின்றார்.

"எந்த ஃபைபர்?"

"மஞ்சள்."

"எவ்வளவு நேரம்?"

"அந்த டில்லிக்காரர் போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும்."

"டிடெக்டர் ஆன்ல இருந்துதா?"

"ஆமாம் சார்."

"நான் கீழே ஆடினப்போ..."

"நீங்க ஆடினதும் கோடு அமைதியாயிடுச்சு சார். எல்லாம் சரியா இருந்தது."

அவர் உதடு துடித்தது. என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குள் மேடையிலிருந்து வித்யா அழுகையும் கோபமுமாகக் கத்தினாள். அவள் அப்பாவிடம் தெலுங்கில்தான் பேசுவாள். "நான்னா! முஹூர்த்தம் வெள்ளிப்போதோந்தி!" முகூர்த்தம் போகிறது என்று.

நக்கோ சார் திரும்பினார். தவில்காரரைப் பார்த்து, அந்த மண்டபம் அதுவரை கேட்டிராத குரலில், "பஜாவ்!" என்றார். அடியுங்கள்!

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் தவில்காரர் கொட்டித் தீர்த்தார். தாலி ஏறியது. மேலிருந்து அட்சதை விழுந்தது. நக்கோ சார் மாத்திரம் அசையாமல் நின்று, அந்தச் சத்தத்தை ஒரு துளி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே காமாட்சி அம்மாவிடம், "அவரை என் கண்ணுல படவேண்டாம்னு சொல்லு" என்றார்.

மறுநாள் ஆராய்ச்சிக்கூடத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டில்லிக்காரர் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், இதை நாம் பேசாமல் இருப்பதே நல்லது என்றார். பெரிய இடங்களில் உண்மைக்கு இவ்வளவுதான் மதிப்பு.

மாதங்கள் போயின. புது டிடெக்டர் வந்தது. ஒருநாள் மத்தியானம் என் போன் அடித்தது.

"நடு ரூம்ல யாரு உக்கார்றாங்க?" முகமன் எதுவும் இல்லை. அந்தக் குரலைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"யாரும் இல்லை சார். ஆள் தேடறாங்க."

"நீங்க உக்காருங்க. கெடுத்தவரே காவல் காக்கட்டும்."

உட்கார்ந்தேன். சிவப்புப் பேனாவை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்தேன். தினமும் மத்தியானம் போன் வரும். வெப்பம் எவ்வளவு, கோடு எப்படி இருக்கிறது, கீழே கல்யாணம் உண்டா என்று மட்டும் கேட்பார். பதில் கிடைத்ததும் வைத்துவிடுவார். என் உடம்பு எப்படி, மனைவி எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. டெலிபோன் என்றுகூடக் கூப்பிடவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

ஒருநாள் முற்பகலில் கருவி இரண்டு தடவை கிளிக் என்றது, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில். இரண்டு முனைகளுக்கும் செய்தி போயிற்றா என்று பார்த்தேன். போயிருந்தது. அன்று அப்படியே இன்னும் பல தடவை. சாயங்காலம் கணக்குப் போட்டு முடித்துவிட்டு ராமச்சந்திராபுரத்திலிருந்து பத்மஜா கூப்பிட்டார். அழுதுகொண்டே, "அயிப்போயிந்தி சார்! ஆச்சு சார்! ரெண்டும் பொருந்துது!" என்றார்.

நான் நக்கோ சாரைக் கூப்பிட்டேன். முதல் தடவையாக நானாகவே.

"ஆச்சு சார்."

"யார் கணக்குப் போட்டது?"

"பத்மஜா."

"அப்போ சரியாத்தான் இருக்கும்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நாளைக்கும் பண்ணுங்க. ஒரு தடவை ஆனது நம்பிக்கை இல்ல." வைத்துவிட்டார்.

மறுநாளும் ஆயிற்று. அதற்கு மறுநாளும். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. வெப்பத்தையும் கோட்டையும் பத்மஜாவே நேராக அவருக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். ஒருநாள் மத்தியானம் நான் நடு அறையில் போனை மேஜை மேல் வைத்து, அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதமாக இல்லாத பயம் அப்போதுதான் வந்தது.

போன் அடித்தது.

"சாப்பிட்டீங்களா?"

எதிர்பாராத கேள்வி. உண்மையைச் சொல்லிவிட்டேன். "இன்னும் இல்லை சார்."

"மணி என்ன? சுகர் இருக்கிற மனுஷன் இந்நேரம் வரைக்கும் வெறும் வயித்தோட உக்காருவாங்களா? புத்தி இருக்கா டெலிபோன் உங்களுக்கு? வீட்டுல அவங்க கட்டிக் கொடுத்தது என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்து, தமிழில் திட்டி, தெலுங்கில் திட்டி, உருதுவில் முடித்துவிட்டு வைத்தார்.

இப்போதும் தினமும் கூப்பிடுகிறார். அந்த ஒரு கேள்விதான். சாப்பிட்டேன் என்று சொன்னால் உடனே வைத்துவிடுகிறார். அதனால் எவ்வளவு பசித்தாலும் போன் வரும் வரை டிபன் டப்பாவை நான் திறப்பதில்லை.